கதவை அடைத்த சட்டம் அடுப்பை மறந்ததேன்?

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆந் திகதி மாலை ஆறு மணிக்கு இந்நாட்டின் கதவுகள் யாவும் அடைக்கப்பட்டன. கடைகள் பூட்டப்பட்டன, சந்தைகள் கலைந்தன, தொழிற்சாலைகளின் சங்கொலி ஓய்ந்தது. கொள்ளைநோய் வாயிலில் வந்து நிற்கும் வேளையில் மக்களை வீட்டினுள் இருக்கச் சொல்வது அரசின் கடமை. அதனை நாம் அன்றும் மறுக்கவில்லை, இன்றும் மறுக்கவில்லை. இத்தீவில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை அந்நோய் பின்னர் குடித்தது என்பதை மறந்துவிட்டு எழுத நாம் துணியோம்.

ஆயினும் இரண்டு வினாக்கள் அன்று எழுந்தன. எந்தச் சட்டத்தைக் கொண்டு கதவை அடைத்தீர்கள் என்பது ஒன்று. அடைத்த கதவின் பின்னே இருப்பவனுடைய அடுப்பு எரிவதற்கு எந்தச் சட்டம் வழி செய்தது என்பது மற்றொன்று. முதல் வினாவைச் சட்டத்தரணிகள் கேட்டார்கள். இரண்டாவதைத் தொழிலாளர் கேட்டார்கள். இவ்விரண்டும் ஒரே வினாவின் இரு பாதிகள் என்பதை அன்று எவரும் எடுத்துரைக்கவில்லை. ஆண்டுகள் பல கடந்த பின்னரும் அவ்வினாவுக்கு விடையில்லை என்பதாலேயே இன்று அதனைக் கையிலெடுக்கின்றோம்.

ஊரடங்குச் சட்டம் என்று சொல்லியே நாம் பழகிவிட்டோம். தமிழ் மக்களுக்கு அந்தச் சொல் புதியதன்று. 1961இல் சத்தியாக்கிரகத்தை ஒடுக்க வந்த அவசரகால ஆட்சி முதலாக, ஊரடங்கின் நீள அகலங்களை அளந்து பார்த்தவர்கள் நாம். அந்நாட்களில் அடக்குமுறை இருந்தது. அதற்கு ஆதாரமாக ஒரு சட்டமும் காட்டப்பட்டது. 2020 மார்ச்சிலோ ஊரடங்கு இருந்தது. சட்டம் எங்கே இருந்தது? 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஊரடங்கு விதிக்க வேண்டுமாயின் ஜனாதிபதி கட்டளை பிறப்பித்தல் வேண்டும். அத்தகைய கட்டளை எதுவும் அன்று வர்த்தமானியில் வெளிவரவில்லை. 'பொலிஸ் ஊரடங்கு' என்று புதிதாக ஒரு பெயர் சூட்டப்பட்டது. தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டமும் தண்டனைச் சட்டக்கோவையும் போதுமென்று பின்னர் விளக்கம் கூறப்பட்டது. ஆனால் அக்கட்டளைச் சட்டம் நோய் கண்ட இடத்தையும் நோய்க்கு ஆளானவரையும் பிரித்து வைக்கச் சுகாதார அதிகாரிகளுக்கு அதிகாரம் கொடுப்பது. முழு நாட்டையும் பொலிசாரின் கையில் பூட்டிக் கொடுப்பதற்கு அது இடந்தருமா என்ற ஐயத்தைச் சட்டம் கற்றோர் பலர் கிளப்பினர்.

இஃது ஏட்டுச் சுரைக்காய் விவாதமன்று. சில மாதங்களுள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊரடங்கை மீறினர் என்று கைது செய்யப்பட்டனர். அவர்களுள் வீண் உலாப் போனவரும் இருந்திருப்பர். குழந்தைக்குப் பால்மா தேடிப் போனவரும், கடலுக்குப் போட்ட வலையைப் பார்க்கப் போனவரும் இருந்திருக்க மாட்டார்களா?

இவ்விடத்தில் நியூசிலாந்தை நினைவு கூர்தல் தகும். அங்கும் 2020 மார்ச்சில் மக்களை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். சட்டத்தரணி ஒருவர் உயர் நீதிமன்றம் சென்றார். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் தீர்ப்பு வந்தது. அரசின் நடவடிக்கை தேவையானதே, நியாயமானதே. எனினும் மார்ச் 26 தொடக்கம் ஏப்ரல் 3 வரையிலான ஒன்பது நாட்களுக்கு மக்களை வீட்டில் இருத்தியமைக்குச் சட்டத்தின் ஆதாரம் இருக்கவில்லை என்று நீதிமன்றம் கூறியது. ஒன்பது நாட்கள்! நாட்டைக் காத்த அரசு என்று உலகம் புகழ்ந்துகொண்டிருந்த வேளையிலேயே, அந்நாட்டு நீதிமன்றம் ஒன்பது நாட்களை எண்ணிக் காட்டியது. அதனால் நோய்த்தடுப்பு வேலை குலைந்து போகவில்லை. நம் நாட்டில் எண்ணுவதற்கும் ஆளில்லை.

ஆளில்லாமற் போனமைக்கு ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச் 2ஆந் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. ஏப்ரல் 25இல் நடக்கவிருந்த தேர்தல் யூன் 20க்குத் தள்ளிப்போய், ஈற்றில் ஓகஸ்ட் 5ஆந் திகதி நடந்தது. புதிய பாராளுமன்றம் ஓகஸ்ட் 20இல் கூடியது. கலைந்த சபையை மீளக் கூட்ட அரசியலமைப்பில் வழியிருந்தும், எதிர்க்கட்சிகள் கேட்டும், கூட்டப்படவில்லை. நாடு கண்ட பெருநோய்களுள் ஒன்று தலைவிரித்தாடிய அந்த ஐந்தரை மாதத்தில் மக்கள் பிரதிநிதிகளின் சபையிலிருந்து ஒரு வரிச் சட்டமும் பிறக்கவில்லை. அறிக்கைகள் பிறந்தன, சுற்றுநிருபங்கள் பிறந்தன, இராணுவத் தளபதியின் தலைமையில் ஒரு தேசிய செயற்பாட்டு நிலையம் பிறந்தது. சட்டம் பிறக்கவில்லை.

கையிலிருந்த ஒரே ஆயுதம் 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அஃது எப்போது வந்ததென்று பாருங்கள். 1896இல் பம்பாயில் கொள்ளைநோய் தோன்றியது. அடுத்த ஆண்டே இந்தியாவிலும் இலங்கையிலும் வெள்ளையர் அரசு சட்டம் செய்தது. கப்பலையும் கூலியையும் கண்காணிப்பதே அக்காலத்து நோய்த்தடுப்பின் சாரம். தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்த நாட்களில் மண்டபம் முகாமில் அவர்களைச் சில நாட்கள் அடைத்து வைத்து, அம்மை குத்தி, உடுப்பை அவித்து, நோயில்லை என்று கண்ட பின்னரே கப்பலேற்றினார்கள். நோய் வராமற் காப்பது நல்லதுதான். ஆனால் அடைபட்ட நாட்களின் செலவு எவர் தலையில் விழுந்தது? வழிச்செலவு முழுவதும் துண்டுக் கடனாகத் தொழிலாளியின் தோளில் ஏறிய காலம் நெடுங்காலம் இருந்தது. தடுப்பு அரசினுடையது, இழப்பு தொழிலாளியினுடையது என்னும் கணக்கு அன்றே எழுதப்பட்டுவிட்டது. நூற்றிருபத்துமூன்று ஆண்டுகளின் பின்னர் அதே ஏட்டைத் திறந்தவர்கள் அதே கணக்கையே தொடர்ந்தார்கள் என்பதில் வியப்பென்ன?

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம்.

ஊரடங்கு தொடங்கி ஆறு வாரங்களுக்கு மேல் ஆன பின்னர், 2020 மே மாதத் தொடக்கத்தில், தொழில் அமைச்சும் முதலாளிமார் பிரதிநிதிகளும் தொழிற்சங்கங்களும் ஒன்றுகூடி ஓர் இணக்கத்துக்கு வந்தன. வேலைக்கு அழைக்கப்படாத தொழிலாளிக்கு அவரது அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அல்லது 14,500 ரூபா, இவற்றுள் எது கூடுதலோ அதனைக் கொடுப்பது. அத்தொகைக்குச் சேமலாப நிதியும் கட்டுவது. மே, யூன் ஆகிய இரு மாதங்களுக்கு இவ்வாறு நடப்பது என்பதே அதன் சாரம். பின்னர் இக்காலம் நீடிக்கப்பட்டது. இதில் ஈடுபட்ட தொழிற்சங்கத் தலைவர்களை நாம் குறை கூறவில்லை. பாதிச் சம்பளமாவது கிடைத்தது. பலருடைய வேலை தப்பியது. முதலாளிகளுள்ளும் வாக்கைக் காத்தோர் பலர். வங்கிக் கடனை வைத்துக்கொண்டு கொள்வனவுக் கட்டளைகளை இழந்து தவித்த சிறு முதலாளியின் பாட்டையும் நாம் அறிவோம்.

ஆனால் அது சட்டமன்று, இணக்கம். பாராளுமன்றச் சட்டமாகவோ சம்பளச் சபையின் தீர்மானமாகவோ அது வரவில்லை. கொடுத்தவன் கொடுத்தான், கொடாதவனை எந்த நீதிமன்றுக்கு இழுப்பது? சங்கத்தில் சேராத தொழிலாளி தன் முழுச் சம்பள உரிமையைப் பாதியாக்கிக்கொள்ள எப்போது சம்மதித்தான்? மேசையில் அமர்ந்த சங்கம் அவனுக்காகவும் கையொப்பமிடலாமா? இவ்வினாக்கள் நம் சட்டத்தரணிகள் அறியாதவை அல்ல. இந்நாட்டில் தொழிலாளியின் வேலையைக் காக்க 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தொழிலாளியின் எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி, ஒழுக்காற்றுக் காரணமன்றிப் பிற காரணத்துக்காக வேலையை முடிவுறுத்த முடியாது என்பது அதன் முதுகெலும்பு. நல்ல சட்டம். ஆனால் பதினைந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு அது செல்லாது. யாழ்ப்பாணத்துக் கடைத் தெருவில், வவுனியா அரிசி ஆலையில், மட்டக்களப்பு அச்சுக்கூடத்தில் எத்தனை இடங்களில் பதினைந்து பேர் இருக்கிறார்கள்? சட்டத்தின் குடை பெரிய வாசல்களுக்கு மேலேதான் விரிகிறது.

அக்குடையின் கீழ் நிற்பவரைவிட வெளியே நிற்பவரே இந்நாட்டில் அதிகம். தொழில் செய்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் முறைசாராத் தொழில்களில் இருப்பவர்கள். கொத்தனார், மேசன், கரைவலை இழுப்பவர், வெங்காயத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கும் பெண்கள் ஆகிய இவர்களுக்குச் சம்பளப் பதிவேடு இல்லை. சேமலாப நிதி இலக்கம் இல்லை. முத்தரப்பு மேசையில் இவர்களுக்காக ஒரு நாற்காலியும் இல்லை. 2020 ஏப்ரலிலும் மேயிலும் சமுர்த்திப் பட்டியலை வைத்து ஐயாயிரம் ரூபா கொடுத்தார்கள். பட்டியலில் பெயர் இருந்தோருக்கு அது கிடைத்தது. உரிமை என்ற பெயரில் அன்று. உதவி என்ற பெயரில். உதவி கொடுப்பவன் மனம் மாறினால் நின்றுவிடும். உரிமையை நிறுத்தக் காரணம் சொல்ல வேண்டும்.

விவசாயிகளாகிய நம் வாசகர்கள் இதனை வாசிக்கும்போது தம் தோட்டத்தையே நினைப்பார்கள். அபாய மாவட்டங்கள் என்று தனியாகப் பெயரிடப்பட்ட ஆறனுள் யாழ்ப்பாணமும் ஒன்று. ஏப்ரல் நடுப்பகுதி தாண்டும் வரை அங்கே ஊரடங்கு நீடித்தது. பயிர்ச்செய்கைக்குத் தடையில்லை என்று அறிக்கை வந்தது. உண்மை, மண்வெட்டிக்குத் தடையில்லை. கோவாவும் பீற்றூட்டும் கறிமிளகாயும் முற்றி நின்றன. அவற்றைச் சாக்கில் கட்டிச் சுன்னாகத்துக்குக் கொண்டுபோக வழியில்லை; தம்புள்ளைக்கு ஏற்ற லொறிக்காரனுக்குப் பாஸ் வேண்டும். பாஸ் எவரிடம் கேட்பது, எத்தனை நாளுக்குள் தருவார்கள், மறுத்தால் எவரிடம் முறையிடுவது என்பதற்கு விதியில்லை. தெரிந்தவர் இருந்தால் கிடைத்தது. தெரிந்தவர் இல்லாதவன் மாட்டுக்கு வெட்டிப் போட்டான். அரசின் கட்டளையால் சந்தை மூடப்பட்டு விளைவு அழிந்தால் அவ்விழப்பு எவருடையது? வெள்ளத்துக்கு நட்டஈடு கேட்கிறோம், வரட்சிக்குக் கேட்கிறோம். வர்த்தமானிக்கும் சுற்றுநிருபத்துக்கும் நட்டஈடு கேட்க நாம் பழகவில்லை.

அந்தப் பழக்கம் இல்லாமையின் விலையை அடுத்த ஆண்டே கொடுத்தோம். 2021 மே 6ஆந் திகதி வர்த்தமானி ஒன்றினால் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. இடையில் ஒரு போகம் போயிற்று. உரத்துக்கும் தொற்றுநோய்க்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நோயால் வந்த தொடர்பன்று. பேனாவால் வந்த தொடர்பு. சபையைக் கேளாமல், வயலைக் கேளாமல், ஓரிரவில் எழுதி வெளியிடும் சுகத்தை ஆட்சியாளர் 2020இல் நன்கு ருசி பார்த்துவிட்டார்கள்.

மலையகத்தின் கதை வேறு. அங்கே கதவு அடைக்கப்படவே இல்லை. நாடெங்கும் ஊரடங்கிய வேளையிலும் தேயிலைத் தோட்டங்கள் இயங்க அனுமதிக்கப்பட்டன. ஏப்ரல் 4ஆந் திகதி கொழும்புத் தேயிலை ஏலம் வரலாற்றிலேயே முதன்முறையாக இணையவழி நடந்தது. ஏலக்காரரும் வாங்குவோரும் தத்தம் வீட்டிலிருந்தபடியே விலை கூறினர். கொழுந்து பறித்தவள் வீட்டிலிருந்து பறிக்க முடியுமா? பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழும் இடத்தில் ஒரு மீற்றர் இடைவெளி பேணுங்கள் என்ற உபதேசம் எவர் காதுக்கு? அந்நாளில் அவளது அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. டொலர் தேடித் தரும் தொழில் என்று அவளுக்கு ஊரடங்கிலிருந்து விலக்களித்த அரசு, அந்த ஆபத்துக்கென ஒரு சதமேனும் கூட்டிக் கொடுக்கும் விதியை எழுதவில்லை.

ஆயிரம் ரூபாச் சம்பளம் 2021 மார்ச் 5ஆந் திகதி சம்பளச் சபை மூலம் வந்தது. 900 ரூபா அடிப்படை, 100 ரூபா வரவு செலவுத் திட்டப் படி. வரவேற்றோம். ஆனால் அதனோடு ஒன்று போயிற்று. அதுவரை இரண்டாண்டுக்கு ஒருமுறை கம்பனிகளும் சங்கங்களும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம் இல்லாதொழிந்தது. ஒப்பந்தத்தில் சம்பளம் மட்டுமா இருந்தது? வேலைநாள், கொழுந்தின் நிறை, தொழில் நலன்கள் எனப் பலவும் அதில் இருந்தன. ஒரு கையில் ஆயிரத்தைக் கொடுத்து மறு கையால் கிலோக் கணக்கை உயர்த்தினார்கள் என்று தோட்டத்துக்குத் தோட்டம் தொழிலாளர் முறையிட்டனர்.

கட்டுநாயக்காவுக்கும் போய் வருவோம். ஏனெனில் வன்னியிலிருந்தும் மலையகத்திலிருந்தும் சென்ற நம் பெண்பிள்ளைகள் அங்கே தைக்கிறார்கள். மார்ச் ஊரடங்கில் அவர்கள் விடுதி அறைகளில் அகப்பட்டார்கள். ஊருக்குப் போக பஸ் இல்லை. நிரந்தர வேலையற்று, மேன்பவர் முகவரிடம் நாட்கூலிக்குப் போனவர்களுக்குச் சம்பளமும் இல்லை. 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையொன்றில் நோய் வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் சில நாட்களுள் நோய்வாய்ப்பட்டனர். வலயத்து விடுதிகளிலிருந்து பெண்களைச் சொற்ப நேர அறிவித்தலுடன் பஸ்களில் ஏற்றித் தனிமைப்படுத்தல் நிலையங்களுக்குக் கொண்டு சென்றதாகத் தொழிலாளர் அமைப்புகள் முறையிட்டன. நோயைப் பரப்பியவர்கள் என்று அப்பெண்களையே ஊர் தூற்றியது. நோய்க்கு நடுவே அவர்களை வேலைக்கு அழைத்தது எவர் என்று ஊர் கேட்கவில்லை.

அதே ஒக்டோபர் 15ஆந் திகதி 1897ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் புதிய ஒழுங்குவிதிகள் வெளிவந்தன. முகக்கவசம் அணிய வேண்டும்; ஒரு மீற்றர் இடைவெளி வேண்டும்; வேலைத்தலத்தினுள் புகுவோரின் உடல் வெப்பத்தைப் பார்த்துப் பெயரைப் பதிய வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, பத்தாயிரம் ரூபா வரை தண்டம். நன்று. வேலைத்தலத்தின் வாசலில் நின்று இன்னதைச் செய்யென்று முதலாளிக்குக் கட்டளையிடச் சட்டத்தால் முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அந்த ஒழுங்குவிதியில் இன்னும் ஒரு வரி எழுதியிருந்தால் என்ன? வெப்பம் கூடியதென்று வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவளுக்கு அன்றைய சம்பளத்தைக் கொடு என்று ஒரு வரி. அந்த வரி இல்லாமற் போனதன் விளைவு நோய்த்தடுப்பையே கெடுத்தது. காய்ச்சலைச் சொன்னால் கூலி போகும் என்றால் எவர் சொல்வார்? மருத்துவர்களாகிய நம் வாசகர்கள் இதனை நம்மினும் நன்கு அறிவர். கூலி காப்பது கருணை மட்டுமன்று. அதுவே சிறந்த நோய்த்தடுப்பு மருந்து.

பேனாவின் தனியாட்சி எவ்வளவு கொடியதாகலாம் என்பதை முஸ்லிம் சகோதரர்கள் தம் மரித்தோரின் சாம்பலில் கண்டனர். 2020 ஏப்ரல் 11ஆந் திகதிய ஒழுங்குவிதி, கொவிட் நோயால் இறந்தோரின் உடலை எரித்தே ஆக வேண்டும் என்றது. உலக சுகாதார நிறுவனமோ அடக்கம், தகனம் இரண்டுக்கும் இடமளித்திருந்தது. டிசெம்பர் மாதம் பிறந்து இருபது நாளான சிசுவொன்றும் எரிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் சென்றவர்களின் மனுக்கள் 2020 டிசெம்பர் முதலாந் திகதி விசாரணைக்கு எடுக்கப்படாமலே தள்ளப்பட்டன. 2021 பெப்ரவரி இறுதியில் விதி மாற்றப்பட்டு, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. மன்னிப்புக் கேட்டவர்கள் அந்தப் பேனாவை இன்னும் கீழே வைக்கவில்லை. அக்கட்டளைச் சட்டம் இருந்தவாறே இருக்கிறது.

அவசரத்தில் சட்டம் செய்ய நேரமேது என்பார் சிலர். சிங்கப்பூர்ப் பாராளுமன்றம் 2020 ஏப்ரல் 7ஆந் திகதி கொவிட் தற்காலிக நடவடிக்கைகள் சட்டத்தை நிறைவேற்றியது. நேரம் இல்லாமலில்லை, எண்ணம் இல்லை. நம் பாராளுமன்றமும் எண்ணங்கொண்ட போது செய்து காட்டியிருக்கிறது. 2021இல் நிறைவேறிய 17ஆம் இலக்கக் கொவிட் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தைப் பாருங்கள். நோயின் காரணமாகச் சட்டம் குறித்த தவணைக்குள் வழக்கு வைக்க முடியாதவர்க்கும், மேன்முறையீடு செய்ய முடியாதவர்க்கும் அது பரிகாரம் அளித்தது. அது மட்டுமன்று, 2020 மார்ச் முதலாந் திகதி தொட்டு நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படும் என்று பின்னோக்கியும் கை நீட்டியது. வழக்காளியின் தவணையைக் காக்க ஒன்றரை ஆண்டு பின்னே போக முடிந்த சட்டம், அதே மார்ச்சில் கூலியிழந்தவனைத் தேடி ஏன் போகவில்லை? நீதிமன்றப் படிகளேறும் நம் நண்பர்கள் அச்சட்டத்தால் பயன்பெற்றனர். அதில் தவறில்லை. தமக்குக் கிடைத்தது பிறர்க்குக் கிடைக்கவில்லை என்று அவர்கள் அன்று சொல்லியிருக்கலாம்.

அதே ஆண்டில் தொழிற்சட்டங்கள் தொடப்படாமலும் இல்லை. தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் பத்தாயிரத்திலிருந்து 12,500 ரூபாவாயிற்று. ஓய்வு பெறும் வயது அறுபது என்று சட்டம் வந்தது. வேலை நீக்கத்துக்கான நட்டஈட்டின் உச்சம் பன்னிரண்டரை இலட்சத்திலிருந்து இருபத்தைந்து இலட்சமாக உயர்ந்தது. யாவும் வேண்டியவையே. எனினும் நாட்டையே உலுக்கிய நோய் நடுவிருக்க, நோய்க்காலக் கூலி என்ற ஒன்றை மட்டும் எவரும் சட்டத்தில் எழுதவில்லை. 2023இல் பழைய தொழிற்சட்டங்கள் பலவற்றையும் திரட்டி ஒரே சட்டமாக்கும் வரைவு வெளிவந்தது. எட்டு மணி வேலைநாளை நெகிழ்த்தும் முயற்சி இதுவென்று தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றன. அவ்வாண்டில் அது நிறைவேறவில்லை. இத்தகைய வரைவுகள் திரும்பவும் வரும். அவை வரும் திசையை அயல்நாட்டைப் பார்த்து அறியலாம். 2020 ஏப்ரலில் குஜராத் அரசு கொவிட்டைக் காரணம் காட்டித் தொழிற்சாலை வேலைநாளைப் பன்னிரண்டு மணியாக்கி, மேலதிக நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி வேண்டியதில்லை என்றும் அறிவித்தது. தொழிற்சங்கங்கள் வழக்காடின. 2020 ஒக்டோபர் முதலாந் திகதி இந்திய உயர் நீதிமன்றம் அவ்வறிவித்தலைத் தள்ளுபடி செய்தது. தொற்றுநோயால் வந்த பொருளாதார நெருக்கடி, நாட்டின் பாதுகாப்பை அச்சுறுத்தும் பொது அவசர நிலை ஆகாது. அதன் சுமையைத் தொழிலாளியின் முதுகில் ஏற்ற முடியாது என்று கூறி, மேலதிக நேரக் கூலியையும் கொடுக்கப் பணித்தது.

நமக்கு வேண்டியது 1897ஐ அகற்றி வைக்கும் ஒரு புதிய பொதுச் சுகாதார அவசரநிலைச் சட்டம். நோய்க்கால ஒழுங்குவிதி எதுவும் பதினான்கு நாட்களுக்குள் பாராளுமன்றத்தின் அங்கீகாரம் பெறாவிடில் தானே செத்துப்போக வேண்டும். சபை கலைந்திருந்தால் அதற்கெனவே மீளக் கூட வேண்டும். மாவட்டத்தை மூடும் கட்டளை எதுவாயினும், மூடப்பட்ட நாட்களின் கூலியை முதலாளி எவ்வளவு, அரசு எவ்வளவு எனப் பங்கிட்டுக் கொடுக்கும் விதியைத் தன்னுள்ளேயே கொண்டிருக்க வேண்டும். அவ்விதி இல்லாத கட்டளை செல்லாது என்றே எழுதிவிடலாம். தனிமைப்படுத்தப்பட்ட நாள் வேலை செய்த நாளாகக் கணக்கிடப்பட வேண்டும். பதினைந்து பேர் என்ற எல்லை அக்காலத்துக்கு இல்லாதிருக்க வேண்டும். சம்பளப் பதிவேட்டில் பெயரில்லாத நாட்கூலிக்காரரையும், சந்தை மூடியதால் விளைவை இழந்த கமக்காரரையும் கிராம அலுவலர் பதிந்து கொடுக்க, மறுக்கப்பட்டவர் தொழில் நியாயசபையில் முறையிட இடமிருக்க வேண்டும். பணத்துக்கு எங்கே போவது என்று திறைசேரி கேட்கும். சேமலாப நிதியைப் போல, நல்ல காலத்தில் சம்பளத்தோடு சேர்த்து ஒரு சிறு பங்கைச் சேர்த்து வைத்தால் கெட்ட காலத்தில் எடுக்கலாம். 1958இல் சேமலாப நிதி வந்தபோதும் நாடு செல்வத்தில் மிதக்கவில்லை.

அரசு இதனைத் தானாகச் செய்யும் என்று நாம் காத்திருக்கவில்லை. வடக்கு, கிழக்கு, மலையகப் பிரதிநிதிகள் தனிநபர் சட்டமூலமாகவே இதனைச் சபையில் வைக்கலாம். அதற்கு முதலில் ஒரு வரைவு வேண்டும். தொழிற்சட்டத்திலும் பொதுச் சுகாதாரத்திலும் பயின்ற நண்பர்கள் நால்வர், கமக்காரர் சங்கங்களிலிருந்து இருவர், தோட்டத்திலிருந்தும் வலயத்திலிருந்தும் ஒவ்வொருவர் கூடி அமர்ந்தால் ஒரு மாதத்தில் எழுதிவிடலாம். எழுதியனுப்பினால் முதல் வாசகந் தொடக்கம் இப்பத்தியில் வெளியிடுவோம். வரும் கண்டனங்களையும் அருகிலேயே வெளியிடுவோம்.